வெளிப்படையும் உய்த்துணர்வும்: திறமூல நிரல்களில் மாறிகளின் தரவினமும் தமிழிலக்கணத் தொகைக் கோட்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

கணினி நிரலில் வரும் ஒரு மாறி எவ்வினத் தரவைக் கொள்ளும் என்பதை எழுதுவோர் வெளிப்படையாக அறிவிக்கலாம். தொகுப்பி உய்த்துணர்ந்து கொள்ளுமாறு சொல்லாமலும் விடலாம். இவற்றுள் எதனை எவ்விடத்துக் கைக்கொள்வது என்பது, பலர் கூடி எழுதும் திறமூலத் திட்டங்களில் தொடர்ந்து எழும் வினாவாகும். தமிழிலக்கணம் தொகையும் விரியும் பற்றிக் கூறும் நெறிகளோடு இவ்வினாவை ஒப்பிட்டு நோக்கும் இக்கட்டுரை, கருவி அறிவதும் வாசகர் அறிவதும் ஒன்றல்ல என்பதை நிறுவுகிறது. தமிழ்ப் பனுவல்களைக் கையாளும் மென்பொருள்களில் எங்குத் தொகுக்கலாம், எங்கு விரித்தே ஆகவேண்டும் என்பதற்கான வரையறையையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: மாறி, தரவினம், உய்த்துணர்வு, தொகைநிலைத் தொடர், திறமூல மென்பொருள், எழில், எழுத்தெண்ணிக்கை.

1. முன்னுரை

காரைக்கால் மாவட்டக் கடற்கரை ஊர்களுள் ஒன்று மண்டபத்தூர். இவ்வூர்ப் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன என வினவினால், தமிழறிந்தோர் 7 என்பர். கட்டளைக் கலித்துறைக்கு எண்ணுவதுபோல் ஒற்று நீக்கி எண்ணுவோர் 4 என்பர். பைத்தான் நிரல்மொழியில் சரத்தின் நீளம் காணும் செயற்கூறு 11 என விடை தரும். ரஸ்ட் நிரல்மொழியில் அதே பெயருடைய செயற்கூறு 33 என விடை தரும். நான்கு விடைகளுமே பிழையற்றவை. எண்ணப்படும் பொருள் எவ்வினத்தது என்பதை வினா வெளிப்படையாகச் சொல்லாமையே விடைகள் வேறுபடுவதற்குக் காரணம்.

இச்சிறு சான்று, நிரலாக்கத் துறையில் அரை நூற்றாண்டாகப் பேசப்பட்டுவரும் ஒரு சிக்கலைத் தமிழாய்வாளரின் மேசைக்கே கொண்டுவருகிறது. சொல்லடைவு, யாப்பு ஆய்வு, பதிப்புப் பணி, ஊர்ப்பெயராய்வு ஆகியவற்றிற்கு நிரல்கள் எழுதப்பட்டுவரும் இக்காலத்தில், நிரலில் சொல்லாமல் விடப்படும் ஒரு செய்தி ஆய்வு முடிவையே மாற்றக்கூடும். ஆகவே தரவினத்தை எங்குச் சொல்லவேண்டும், எங்குச் சொல்லாமல் விடலாம் என்பது கணினியியலார்க்கு மட்டும் உரிய வினாவன்று. தொக்கு நிற்பதை விரித்துப் பொருள் கொள்ளும் பயிற்சியை நெடுங்காலமாகப் பேணிவந்த இலக்கண மரபு இவ்வினாவிற்கு என்ன ஒளி தருகிறது என்பதை ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

2. கலைச்சொற்கள்

நிரலில் ஒரு மதிப்பைக் குறிக்க இடப்படும் பெயர் மாறி எனப்படும். அம்மதிப்பு முழுவெண்ணா, பின்ன எண்ணா, எழுத்துகள் தொடர்ந்த சரமா என்னும் பாகுபாட்டை இக்கட்டுரை தரவினம் என வழங்குகிறது. மனிதர் எழுதிய நிரலைப் பொறி இயக்கும் வடிவிற்கு மாற்றும் மென்பொருள் தொகுப்பி ஆகும். மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள் திறமூல மென்பொருள் ஆகும்.

சொல்லப்படாத தரவினத்தைத் தொகுப்பி தானே கண்டறிதலை உய்த்துணர்வு என்று குறிப்பது பொருத்தமுடையது. தொல்காப்பிய மரபியல் தொகுத்துரைக்கும் உத்திகளுள் உய்த்துக்கொண்டு உணர்தலும் ஒன்று. நன்னூலின் 32 உத்திகளுள் உய்த்துணர வைப்பு இடம்பெறுகிறது. சொன்னதைக் கொண்டு சொல்லாததை அறிதல் என்னும் கருத்து இரண்டிற்கும் பொது. ‘ஊகம்’ என்னும் சொல் ஐயத்திற்கும் இடந்தரும். தொகுப்பியோ ஐயம் நீங்கிய வழியே முடிவு கொள்ளும். ஐயம் நீங்காவிடின் நிரலை ஏற்காது நிறுத்தும். எனவே உய்த்துணர்வு என்பதே ஏற்புடைய சொல்லாகும்.

3. தரவினம் அறியப்படும் மூன்று நிலைகள்

முதல் நிலை வெளிப்படை அறிவிப்பு. சி மொழியில் முழுவெண் கொள்ளும் மாறிக்கு முன்னர் ‘இன்ட்’ என எழுதவேண்டும். லினக்ஸ் கருவகம் பெரும்பாலும் இம்மொழியில் எழுதப்பட்டிருத்தலின், அதன் மாறிகளின் தரவினம் அறிவிப்பிலேயே கண்ணுக்குப் புலனாகிறது.

இரண்டாம் நிலை உய்த்துணர்வு. இதற்குரிய கோட்பாட்டு அடிப்படையை ராபின் மில்னர் 1978இல் வெளியிட்ட ஆய்வுரை வகுத்தது. ரோஜர் ஹிண்ட்லி 1969இல் தருக்கவியல் வழியே இதனை ஒத்த முடிவை எட்டியிருந்தார். எம்எல், ஹாஸ்கெல் முதலிய மொழிகளில் வேரூன்றிய இம்முறை பின்னர்ப் பெருவழக்கு மொழிகளிலும் இடம்பெற்றது. சி ஷார்ப் 3.0 (2007), கோ (2009), சி++ மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரம், ரஸ்ட் 1.0 (2015), ஜாவா 10 (2018) ஆகியன குறிப்பிடத்தக்கவை.

மூன்றாம் நிலை இயங்குநிலை. பைத்தான் போன்ற மொழிகளில் மாறிக்கெனத் தரவினம் ஒன்று கட்டாயம் இல்லை. அது தாங்கும் மதிப்பிற்கே தரவினம் உண்டு. நிரல் ஓடும்போதே அது சோதிக்கப்படும்.

இரண்டாம் நிலையும் மூன்றாம் நிலையும் எழுத்தில் ஒன்றுபோல் தோன்றுவதால் மயக்கம் நேர்கிறது. ஜாவா மொழியில் ‘வார்’ என்னும் சொல்லுடன் ‘கூலி’ என்னும் மாறியை அறிவித்து 500 என்னும் மதிப்பைத் தந்தால், தொகுப்பி அதனை முழுவெண் என உய்த்துணரும். பின்னர் அதே மாறிக்கு 612.50 என்னும் மதிப்பை இட முயன்றால் நிரலை ஏற்காது. பைத்தான் அதனைத் தடையின்றி ஏற்கும். முன்னதில் தரவினம் நிலைபெற்றுள்ளது. அதன் பெயர் மட்டும் எழுதப்படவில்லை. பின்னதில் மாறிக்குத் தரவினம் நிலைபெறவேயில்லை. எழுத்தில் மறைந்திருப்பதும் இல்லாதிருப்பதும் வேறு வேறாம்.

4. தமிழிலக்கணத்தில் தொகையும் விரியும்

மறைந்திருத்தலுக்கும் இல்லாதிருத்தலுக்கும் உள்ள இவ்வேறுபாடு தமிழிலக்கணத்திற்குப் புதியதன்று. சொல் பொருளை வெளிப்படையாகவும் குறிப்பாகவும் உணர்த்தும் என்பதைத் தொல்காப்பியப் பெயரியல் கூறுகிறது. நன்னூலாரும் ஆகுபெயர், அன்மொழித்தொகை முதலியவற்றைக் குறிப்பில் அடக்கி, ஏனையவற்றை வெளிப்படை என்கிறார். தொகை என்பது உருபு மறைதலா, சொற்கள் ஒட்டி ஒருசொல்லாதலா என்பதில் உரையாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் வேற்றுமைத் தொகையை விரிக்கும்போது குறிப்பிட்ட ஓர் உருபின் பொருளே கொள்ளப்படுகிறது என்பதில் ஐயமில்லை. இக்கட்டுரையின் நோக்கிற்கு மூன்று கூறுகள் இன்றியமையாதவை.

4.1 செய்தி இடம் மாறுதல். ‘நேற்று வந்தாள்’ என்னும் தொடரில் எழுவாய் இல்லை. எனினும் திணை, பால், எண், இடம் ஆகியவற்றை ஆள் விகுதி காட்டிவிடுகிறது. மலையாளத்து ‘வந்நு’ என்னும் முற்று பால் காட்டாமையின், அங்கு அச்செய்தியைச் சூழலே தரவேண்டும். ஓரிடத்தில் ஒன்றைச் சொல்லாது விடுதல், வேறோரிடத்தில் அது கிடைப்பதைப் பொறுத்தே இயலும். தொகுப்பியின் உய்த்துணர்வும் இத்தகையதே. வலப்பக்க மதிப்பிலிருந்தோ பின்வரும் பயன்பாட்டிலிருந்தோ அது தரவினத்தைப் பெறுகிறது.

4.2 பின்வருவது முன்னதைத் தெளிவித்தல். ‘புலி கொன்ற யானை’ என்னும் தொடர் புலியைக் கொன்ற யானை எனவும், புலியால் கொல்லப்பட்ட யானை எனவும் இருபொருள் படும். இத்தகைய தடுமாறு தொழிற்பெயரைத் தொல்காப்பிய வேற்றுமை மயங்கியல் எடுத்துப் பேசி, தொடரின் இறுதிப் பகுதி கொண்டு வேற்றுமை தெளியும் நெறியையும் தருகிறது. ‘புலி கொன்ற யானை ஓடுகிறது’ எனின், ஓடுவது உயிருள்ள யானையாதலின் கொன்றது யானை என்பது தெளிவு. ‘புலி கொன்ற யானையை எரித்தனர்’ எனின், இறந்தது யானை எனக் கொள்ளவே இடம் மிகுதி. மில்னர் நெறியில் ஒரு மாறியின் தரவினம் அது பின்னர்ப் பயன்படும் இடங்களையெல்லாம் இணைத்து நோக்கி முடிவு செய்யப்படுவதும் இவ்வாறே.

4.3 எங்கு விரித்தல் வேண்டும் என்னும் வேறுபாடு. ‘பால் குடித்தான்’ என இரண்டாம் உருபு தொகுதல் இயல்பு வழக்கு. ‘முருகனைக் கண்டான்’ என்னுமிடத்து உருபைத் தொகுத்து ‘முருகன் கண்டான்’ எனின், கண்டவன் முருகன் என்னும் வேறு பொருள் தோன்றிவிடும். பால் குடிக்காது, குடிக்கப்படும். முருகன் காணவும் காணப்படவும் கூடும். பொருள் மாறுதற்கு இடமில்லாத வழித் தொகுத்தலும், இடமுள்ள வழி விரித்தலும் தமிழ் வழக்கின் இயல்பாக அமைந்துள்ளமை இதனால் புலனாகிறது.

இம்மூன்றினும் அளவுகோலாக நிற்பவர் கேட்போரே. எழுதுவோர்க்குச் சுருக்கம் கிடைப்பதால் மட்டும் தொகை ஏற்புடையதாகாது. கேட்போர் விரித்துணர இயலும்போதே ஏற்புடையதாகும்.

5. திறமூலத் திட்டங்களின் நடைநெறிகள்

திறமூலத் திட்டம் ஒன்றில் ஒருவர் எழுதிய நிரலை அவரை நேரில் கண்டிராத பலர் படிக்கின்றனர். பல ஆண்டுகள் கழித்தும் திருத்துகின்றனர். எழுதியவரிடம் கேட்டுத் தெளியும் வாய்ப்பு எப்போதும் இருப்பதில்லை. ஆதலின் இத்திட்டங்கள் எழுத்துநடைக்கென நெறிகளை வகுத்துக்கொள்கின்றன.

ஜாவா மொழியின் திறமூல ஆக்கமான ஓபன்ஜேடிகே திட்டம், உய்த்துணர்வு அறிமுகமான 2018இலேயே அதற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நிரலை எழுதுவதினும் படிப்பதே முதன்மையானது என்பதும், நிரலின் பொருள் அருகிலுள்ள வரிகளைக் கொண்டே விளங்கவேண்டும் என்பதும், படிப்பதற்குச் சிறப்புத் தொகுப்புக் கருவியின் துணையை நம்பியிருத்தல் கூடாது என்பதும் அந்நெறிகளின் சாரம். கூகுள் நிறுவனத்தின் சி++ நடைநெறி, திட்டத்திற்குப் புதியவரான வாசகர்க்குத் தெளிவு தரும்போதோ நிரலின் காப்பு மிகும்போதோ மட்டும் உய்த்துணர்வைக் கைக்கொள்ளச் சொல்கிறது. எழுதும் உழைப்பைக் குறைப்பதை மட்டும் அது காரணமாக ஏற்கவில்லை. எல்எல்விஎம் திட்டமும் படித்தலோ பேணுதலோ எளிதாகும் வழியே இதற்கு இடந்தருகிறது. டாட்நெட் இயக்கச்சூழல் திட்டம், வலப்பக்கத்திலேயே தரவினப் பெயர் கண்ணுக்குத் தெரியுமிடத்து மட்டும் அறிவிப்பில் அதனை விடலாம் என்கிறது. கூறியது கூறல் என்னும் குற்றம் நேராமல் காப்பதாக இந்நெறியைக் கொள்ளலாம்.

ஹாஸ்கெல், ரஸ்ட் ஆகிய மொழிகள் தரும் சான்று இன்னும் வலிமையுடையது. ஹாஸ்கெலில் பெரும்பாலான செயற்கூறுகளின் தரவினத்தைத் தொகுப்பி தானே கண்டறியும். அவ்வாறிருந்தும், மேல்நிலைச் செயற்கூறுகளுக்குத் தரவினத்தை எழுதிவைப்பதே அச்சமூகத்தின் வழக்கம். எழுதாவிடின் தொகுப்பியின் எச்சரிக்கைகளுள் ஒன்று அதனைச் சுட்டிக்காட்டவும் செய்கிறது. ரஸ்ட் மொழி செயற்கூற்றின் முகப்பில் தரவினத்தைக் கட்டாயமாக்கி, உள்ளே வரும் மாறிகளுக்கு உய்த்துணர்வை விட்டுவைக்கிறது. ஜாவாவும் செயற்கூற்றின் உள்மாறிகளுக்கே ‘வார்’ என்பதை அனுமதிக்கிறது. ஏற்புருக்களுக்கும் திரும்பத்தரும் மதிப்பிற்கும் அனுமதிப்பதில்லை.

பொறிக்குத் தேவையில்லாத செய்தியை மனிதர்க்காக எழுதிவைத்தல் என்னும் இவ்வழக்கம் கருதத்தக்கது. தொகுப்பி உய்த்துணர்ந்துவிடும் என்பது விரிக்காமல் விடுவதற்குப் போதிய காரணமாகாது என்பதையே இது காட்டுகிறது. பிறரோடு தொடர்புகொள்ளும் முகப்பில் விரியும், தன்னளவில் நிற்கும் உட்பகுதியில் தொகையும் என்னும் பாகுபாடு வெவ்வேறு மொழிக் குழுக்களிடம் உருப்பெற்றிருத்தல் அறியலாகிறது.

பெயரின் வடிவிலேயே தரவினத்தை அமைக்கும் முயற்சியும் வரலாற்றில் உண்டு. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் மொழியில், ஆங்கில நெடுங்கணக்கின் ஐ முதல் என் வரையுள்ள எழுத்துகளுள் ஒன்றால் தொடங்கும் மாறி முழுவெண்ணாகக் கொள்ளப்பட்டது. எழுத்துப்பிழையால் தோன்றிய பெயரும் புதிய மாறியாக ஏற்கப்பட்டுவிடும் இடர் இதில் இருந்தமையால், இம்முறையை விலக்கும் அறிவிப்பு ஃபோர்ட்ரான் 90 தரத்தில் சேர்க்கப்பட்டது. தரவினக் குறியைப் பெயரில் ஒட்டும் ஹங்கேரிய முறையை லினக்ஸ் கருவகத்தின் நடைநெறி வன்மையாக மறுக்கிறது.

6. தமிழ்ப் பனுவல் மென்பொருள்கள்

தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத வழிசெய்யும் திறமூல மொழிகளுள் எழில் குறிப்பிடத்தக்கது. முத்தையா அண்ணாமலை 2007இல் தொடங்கிய இம்மொழி பைத்தானின் மேல் கட்டப்பட்டது. அதில் ஒரு செயற்கூறு பின்வருமாறு அமையும்:

நிரல்பாகம் கூட்டு(அ, ஆ)
    பின்கொடு அ + ஆ
முடி

இதில் அ, ஆ என்பன எவ்வினத்தவை என்பது எழுதப்படவில்லை. முதன்முறை நிரல் கற்கும் மாணவர்க்கு இச்சுருக்கம் பெருந்துணை. ஆயினும் பைத்தானில் இரு முழுவெண்களுக்கு இடையே வரும் கூட்டற்குறி கூட்டுத்தொகையைத் தரும். இரு சரங்களுக்கு இடையே வரும் அதே குறி அவற்றை ஒட்டும். இரண்டும் மூன்றும் ஐந்தாவதும், இருபத்து மூன்றாவதும் தரவினத்தைப் பொறுத்தவை. இத்தேவை உணர்ந்தே பைத்தான் 3.5 பதிப்பு (2015) தரவினக் குறிப்புகளுக்கான முறையை வகுத்தது, 3.6 பதிப்பு (2016) மாறிகளுக்கும் அதனை விரித்தது. இவை கட்டாயமல்ல, விரும்பியவர் எழுதலாம்.

முன்னுரையில் கண்ட மண்டபத்தூருக்கு இனி வருவோம். ஒருங்குறியில் அகர உயிர்மெய்க்கு ஒரு குறியிடமும், புள்ளிக்கும் பிற உயிர்க்குறிகளுக்கும் தனித்தனிக் குறியிடங்களும் உள்ளன. ண், த், தூ, ர் ஆகிய நான்கும் இவ்விரண்டு குறியிடங்களும், ம, ட, ப ஆகிய மூன்றும் ஒவ்வொரு குறியிடமும் பெறுவதால் 11 ஆகிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியிடம் ஒவ்வொன்றும் 3 பைட்டு பெறுதலின் 33 ஆகிறது. பைத்தான் குறியிடங்களை எண்ணுகிறது. ரஸ்ட் பைட்டுகளை எண்ணுகிறது. ஸ்விஃப்ட் மொழி கண்ணுக்குத் தோன்றும் எழுத்தலகுகளை எண்ணி 7 எனத் தருகிறது. பைத்தான் 2 பதிப்பிலோ சரத்தை எழுதிய முறைக்கேற்ப 33, 11 ஆகிய இரண்டனுள் ஒன்று கிடைத்தது. இம்மயக்கத்தை நீக்கவே 2008இல் வந்த பைத்தான் 3 பைட்டு நிரலையும் எழுத்துச் சரத்தையும் வெவ்வேறு தரவினங்களாகப் பிரித்தது. திறமூலத் தமிழ் நிரலகமான ஓப்பன் தமிழ், சரத்தைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூற்றைக் கொண்டுள்ளது.

ஊர்ப்பெயர் என்னும் புலத்திற்கு 10 என்னும் மேலெல்லையை வகுத்து, எவ்வலகு என்பதைச் சொல்லாது விட்டால், குறியிடம் எண்ணும் நிரல் இறுதிப் புள்ளியை வெட்டி ‘மண்டபத்தூர’ எனப் பதியும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. பிற்காலத்து ஊர்ப்பெயராய்வாளர் இதனை ஒரு பாடவேறுபாடாகக் கொள்ளவும் கூடும்.

யாப்பாய்விலும் இவ்விடர் உண்டு. கட்டளைக் கலித்துறையின் அடி, ஒற்று நீக்கி எண்ணுங்கால் நேரசையில் தொடங்கின் 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கின் 17 எழுத்தும் பெறும். காரைக்கால் அம்மையாரின் திருவிரட்டை மணிமாலை, கட்டளைக் கலித்துறையும் வெண்பாவும் மாறிமாறி வரும் 20 பாடல்களைக் கொண்டது. அந்நூலின் அடிகளை ஆராய ஒருவர் நிரல் எழுதி, அதில் ‘நீளம்’ என்னும் மாறிக்குப் பைத்தான் தரும் எண்ணை அப்படியே இட்டால், நிரல் முழுவெண் ஒன்றைப் பெற்று இயல்பாக ஓடும். பொறியின் நோக்கில் முழுவெண் என்னும் உய்த்துணர்வு சரியே. எவ்வலகின் எண் என்பதோ எங்கும் பதிவாகவில்லை. அடிகள் யாவும் இலக்கணம் பிழைத்தனவாக முடிவு வரும். ஒற்று நீங்கிய எழுத்துநிரல், எழுத்துநிரல், குறியிடச் சரம், பைட்டு நிரல் என நான்கு தரவினப் பெயர்களை வகுத்துச் செயற்கூற்றின் முகப்பில் எழுதியிருந்தால், ஒன்றை மற்றொன்றாக அனுப்பும்போதே தரவினச் சோதனைக் கருவி தடுத்திருக்கும்.

தரவுக் கோப்புகளில் உய்த்துணர்வு மேலும் இடர் தரும். காரைக்காலின் தொலைபேசிக் குறியீடு 04368. திறமூலத் தரவாய்வு நிரலகமான பாண்டாஸ், கோப்பின் ஒரு நெடுவரிசை முழுதும் இலக்கங்களாக இருப்பின் அதனை முழுவெண் என உய்த்துணரும். முதற்சுழியம் நீங்கி 4368 எனப் பதிவாகும். நெடுவரிசை சரம் என வெளிப்படையாக அறிவித்தால் இக்குறை நேராது. உயிரியல் துறையில் ‘மார்ச்1’, ‘செப்ட்2’ முதலிய மரபணுக் குறியீடுகளை விரிதாள் மென்பொருள் நாள்களாக உய்த்துணர்ந்து மாற்றிவந்தது. அதனால் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு அப்பெயர்களையே மாற்றி 2020இல் அறிவிக்கவேண்டியதாயிற்று. கருவியின் உய்த்துணர்வைத் திருத்த இயலாமல், துறை தன் சொல்லைத் திருத்திக்கொண்டமைக்கு இது சான்று.

7. ஒப்புமையின் எல்லை

இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. தொகையை விரிக்கும் வாசகர் உலகியலறிவையும் மரபையும் துணைக்கொள்கிறார். தொகுப்பி வகுக்கப்பட்ட விதிகளை மட்டுமே கொள்கிறது. எனவே ஒரு செய்யுட்டொடர்க்கு இரண்டு உரைகள் இருக்கலாம். ஏற்கப்பட்ட நிரல் ஒன்றை அதே தொகுப்பி இருவகையாக விரிப்பதில்லை. ‘ஊறுகாய்’ போலும் வினைத்தொகை முக்காலத்திற்கும் ஏற்ப நிற்பதை, எத்தரவினத்திற்கும் பொருந்த நிற்கும் மில்னரின் பொதுமைத் தரவினத்தோடு ஒப்பிடலாம். ஆயினும் இயங்குநிலைத் தரவினத்திற்குத் தொகைக் கோட்பாட்டில் நேரான இணை காட்டுதல் அரிது. இலக்கண மரபிலிருந்து இங்குக் கொள்ளத்தக்கது பொறிநுட்பமன்று. வாசகரை அளவுகோலாக வைக்கும் முறையே ஆகும்.

8. முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன:

உய்த்துணர்வும் இயங்குநிலையும் வேறு வேறாதலின், தமிழில் நிரலாக்க நூல் எழுதுவோர் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்தல் தகாது.

வலப்பக்க மதிப்போ அடுத்த வரியோ தரவினத்தை வாசகர்க்கும் தெளிவாகக் காட்டுமிடத்து அதனைத் தொகுக்கலாம். செயற்கூற்றின் முகப்பு, தரவுக் கோப்பின் நெடுவரிசை, பிறர் பயன்படுத்தும் நிரலகம் ஆகிய எல்லைகளில் விரித்தே எழுதவேண்டும்.

தமிழ்ப் பனுவலைக் கையாளும் நிரல்களில் ‘எழுத்து’, ‘நீளம்’ என்னும் பெயர்கள் மட்டும் போதா. எண்ணப்படுவது பைட்டா, குறியிடமா, எழுத்தா, ஒற்று நீங்கிய எழுத்தா என்பது தரவினமாகவே அறிவிக்கப்படவேண்டும். நிரல்வழிப் பெற்ற எழுத்தெண்ணிக்கையை ஆய்வேட்டில் தருவோரும் அலகினைக் குறிப்பிடல் வேண்டும்.

எழுதியவர் அருகில் இல்லாதபோதும் பனுவல் தன் பொருளைத் தானே உணர்த்த வேண்டும் என்பதே உரை மரபின் கவலையாக இருந்துவந்துள்ளது. திறமூல நிரலும் அத்தகைய பனுவலே. மண்டபத்தூர் என்னும் பெயரின் இறுதிப் புள்ளி அடுத்த தலைமுறையின் தரவுத்தளத்திலும் நிலைத்திருக்க வேண்டுமாயின், இன்று நிரல் எழுதுவோர் எல்லைகளில் தரவினத்தை விரித்து எழுதுதல் கடனாகும்.